சாப்பிட்டாச்சா? பிரசன்ட் பெர்ஃபெக்ட் எங்கே வரும், எங்கே வராது

வீட்டுக்கு வந்தவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறோம். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எந்த ஓட்டலில் சாப்பிட்டார் என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். இப்போது இலை போடலாமா, காபி மட்டும் போதுமா என்று தெரிந்தால் சரி. "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" என்பது வேறு கேள்வி. முடிந்துபோன ஒரு வேளையைப் பற்றி விசாரிப்பது அது. ஆங்கிலத்தில் முதல் கேள்வி "ஹேவ் யூ ஈட்டன்?" என்று வரும். இரண்டாவது "வாட் டிட் யூ ஈட் ஃபார் லஞ்ச்?" என்று வரும். பிரசன்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ் என்று பள்ளியில் பயமுறுத்திய சமாசாரம், இந்த இரண்டு கேள்விக்கும் உள்ள வித்தியாசம்தான்.

பெயரிலேயே பிரசன்ட் என்று இருக்கிறது. ஆனாலும் வேலை முடிந்துவிட்டதே, அப்படியானால் இறந்தகாலம்தானே என்று நினைத்துக்கொண்டு படிக்கிறோம். பாதிக் குழப்பம் அங்கேயே ஆரம்பம். வேலை எப்போதோ முடிந்தது, சரி. ஆனால் பேச்சு இப்போதைய நிலையைப் பற்றியது. "ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ" என்று ஒருவர் சொன்னால், சாவி இன்னமும் கிடைக்கவில்லை, அவர் வாசலிலேயே நிற்கிறார் என்று பொருள். "ஐ லாஸ்ட் மை கீ லாஸ்ட் வீக்" என்றால் போன வாரம் தொலைத்த கதை. இதற்குள் கிடைத்தும் இருக்கலாம்.

எப்படி அமைப்பது

ஹேவ் அல்லது ஹேஸ் போட்டு, அடுத்து வினைச்சொல்லின் மூன்றாம் வடிவத்தைச் சேர்க்க வேண்டும். கோ, வென்ட், கான் என்று ராகம் போட்டு ஒப்பித்தோமே, அதில் கடைசியில் வருவது. வகுப்பு வழக்கப்படி இதை வி3 என்றே இங்கே சொல்லலாம். ஐ, யூ, வீ, தே ஆகியவற்றுக்கும் பன்மைப் பெயர்களுக்கும் ஹேவ். ஹீ, ஷீ, இட் ஆகியவற்றுக்கும் ஒருமைப் பெயர்களுக்கும் ஹேஸ். தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. எவ்ரிபடி என்றால் எல்லாரும் என்று பொருள் இருந்தாலும் ஆங்கிலத்தில் அது ஒருமை. அதனால் "எவ்ரிபடி ஹேஸ் லெஃப்ட்". போலீஸ் என்பதோ பன்மை: "த போலீஸ் ஹேவ் கம்". நியூஸ் என்பதில் கடைசியில் எஸ் இருந்தாலும் ஒருமைதான்.

இந்த அமைப்பு தமிழருக்கு அந்நியமே இல்லை. "சாப்பிட்டிருக்கிறேன்" என்பதைப் பிரித்துப் பாருங்கள்: சாப்பிட்டு, இருக்கிறேன். முடிந்த வேலையைச் சொல்வது முன்பாதி. நிகழ்காலத்தையும், செய்தவர் யார் என்பதையும் சொல்வது "இரு" என்ற துணைவினை. ஆங்கிலத்தில் ஹேவ் செய்வதும் இதே வேலை. வரிசைதான் தலைகீழ். ஆங்கிலத்தில் துணைவினை முன்னால் வரும், தமிழில் பின்னால் வரும்.

கேள்வி கேட்க ஹேவ், ஹேஸ் இரண்டையும் முன்னால் தூக்கிப் போட்டால் போதும்: "ஹேஸ் ஷீ ஃபினிஷ்ட்?" இங்கே டூ, டிட் எதற்கும் வேலை இல்லை. மறுக்க நாட் சேர்க்க வேண்டும்: ஹேவ்ன்ட், ஹேஸ்ன்ட். பேச்சில் ஐ ஹேவ் என்பது "ஐவ்" என்று சுருங்கும். அந்த "வ்" காதில் விழுந்தும் விழாமலும் இருப்பதால், கேட்டுப் பழகுகிறவர்கள் அதை விட்டுவிட்டு "ஐ சீன் தட்" என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். தேர்விலும் நேர்முகத்திலும் அது பிழை. "ஹீஸ்" என்ற சுருக்கத்துக்கு ஹீ இஸ், ஹீ ஹேஸ் என்று இரண்டு பொருள் உண்டு. அடுத்த சொல் "இங்" என்று முடிந்தால் அது இஸ். "ஹீஸ் கோயிங்" போகிறார். "ஹீஸ் கான்" போய்விட்டார்.

இனி வி3. ஒழுங்கான வினைகளில் வி2 (வென்ட் போன்ற இரண்டாம் வடிவம்), வி3 இரண்டும் ஒன்றே: கடைசியில் இ, டி எழுத்துகள் சேரும். எழுதுவது சுலபம், உச்சரிப்பில்தான் சறுக்கல். வொர்க்ட், ஃபினிஷ்ட், வாஷ்ட் எல்லாம் கூடுதல் அசை இல்லாமல் முடிய வேண்டும். "வொர்க்கெட்", "வாஷெட்" என்று இழுக்கக் கூடாது. மூலச்சொல் ட் அல்லது டி ஒலியில் முடிந்தால் மட்டும்தான் அந்தக் கூடுதல் அசை வரும்: வான்டட், நீடட், கம்ப்ளீட்டட்.

ஒழுங்கற்ற வினைகளை மொத்தமாக உருப்போட வேண்டாம். அவற்றில் பெரும் பகுதி வி2, வி3 ஒன்றாகவே இருப்பவை: பாட், டாட், காட், தாட், சென்ட், மேட். வாங்கினேன் என்றாலும் வாங்கியிருக்கிறேன் என்றாலும் பாட்தான். அங்கே பிழை செய்ய இடமே இல்லை. புட், கட், ஹிட், ஷட் போன்றவை மூன்று வடிவத்திலும் மாறாது. படிப்பதைக் குறிக்கும் ரீட், எழுத்தில் மாறாமல் ஒலியில் மட்டும் "ரெட்" ஆகும். ஆபத்து எல்லாம் வி2 வேறு, வி3 வேறு என்று இருக்கும் சின்னக் கூட்டத்தில்தான். அதில் ஒரு குடும்பம் "ன்" என்று முடியும்: ஈட்டன், ரிட்டன், டேக்கன், கிவன், ப்ரோக்கன், ஸ்போக்கன், சோஸன், ஃபர்காட்டன், சீன், கான், டன். இன்னொரு குடும்பத்தில் நடு உயிர் மாறும்: ட்ரிங்க், ட்ராங்க், ட்ரங்க், பிகின், பிகேன், பிகன், சிங், சேங், சங். மூன்றாவது குடும்பம் போன வழியே திரும்பி வரும்: கம், கேம், கம், ரன், ரேன், ரன், பிகம், பிகேம், பிகம். "ஐ ஹேவ் வென்ட்", "ஷீ ஹேஸ் கேம்", "ஹேவ் யூ ஏட்?" என்று காதில் விழும் பிழைகள் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. ஒரு நாற்பது சொற்களை ஹேவ் சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் (ஹேவ் கான், ஹேவ் டன், ஹேவ் சீன்) வென்ட் தானாக நாக்கில் வராது.

"எப்போது?" என்ற கேள்வி

பிரசன்ட் பெர்ஃபெக்ட்டுக்கு ஆகாத விஷயம் ஒன்று உண்டு: முடிந்துபோன நேரம். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2018, டூ டேஸ் அகோ, வென் ஐ வாஸ் இன் ஸ்கூல். இவற்றில் எது வந்தாலும் ஹேவ் வெளியே போய்விட வேண்டும். வேலை தேடுகிறவர்கள் அனுப்பும் விண்ணப்பங்களில் அதிகம் பார்க்கும் பிழை இதுதான்: "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2018." ஆண்டு எழுதியாயிற்றா, ஹேவை அடித்துவிடுங்கள்: "ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2018." ஆண்டு சொல்லாமல் தகுதியை மட்டும் சொல்வதானால் "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி" என்பது அழகான வாக்கியம். அலுவலக மெயிலிலும் அப்படித்தான். "ஐ ஹேவ் சென்ட் த ஃபைல்" சரி. "ஐ ஹேவ் சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே" தப்பு.

தமிழில் இந்தத் தடை கிடையாது என்பதால்தான் பிழை இயல்பாக வருகிறது. "நேத்தே அனுப்பியிருக்கேனே, பாக்கலையா?" என்று தாராளமாகச் சொல்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலில் வழிகாட்டி "இதை 1010-ல் கட்டி முடிச்சிருக்காங்க" என்றுதான் சொல்வார். அதை அப்படியே ஆங்கிலமாக்கி "ஹேவ் கம்ப்ளீட்டட் இன் 1010" என்றால் வெளிநாட்டுப் பயணி புருவத்தை உயர்த்துவார். "ராஜராஜா கம்ப்ளீட்டட் இட் இன் 1010" என்று முடிக்க வேண்டும். ஆனால் அதே கோயில் இன்றும் நிற்கிறது அல்லவா? அதைச் சொல்ல ஹேஸ் தேவை: "இட் ஹேஸ் ஸ்டுட் ஃபார் மோர் தேன் எ தௌசண்ட் இயர்ஸ்." யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 1987-ல். "இட் பிகேம் எ வேர்ல்ட் ஹெரிடேஜ் சைட் இன் 1987" என்றால் அன்று நடந்த ஒரு நிகழ்ச்சி. "இட் ஹேஸ் பீன் எ வேர்ல்ட் ஹெரிடேஜ் சைட் சின்ஸ் 1987" என்றால் அன்று தொடங்கி இன்றுவரை நீடிக்கும் நிலை. ஒரே ஆண்டு இரண்டு வாக்கியத்திலும் வருகிறது. இன் என்பது ஆண்டைப் பூட்டி வைக்கிறது. சின்ஸ் அங்கிருந்து இன்றுவரை கதவைத் திறந்து விடுகிறது.

மனிதர்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. விஸ்வநாதன் ஆனந்த் ஐந்து முறை உலக சாம்பியன். "ஆனந்த் ஹேஸ் வன் த டைட்டில் ஃபைவ் டைம்ஸ்" என்று சொல்லலாம், அவர் நம்மோடு இருக்கிறார். 2007-ல் வென்றதைத் தனியாகச் சொன்னால் "ஹீ வன் இட் இன் 2007". பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். அங்கே "பாரதி லிவ்ட் இன் புதுச்சேரி ஃபார் டென் இயர்ஸ்" என்று மட்டுமே வரும். ஹேஸ் லிவ்ட் என்று போட்டால் இன்னமும் அங்கே குடியிருக்கிறார் என்று ஆகிவிடும்.

டுடே, திஸ் வீக், திஸ் இயர் இவை இன்னும் முடியாத நேரங்கள், ஆகவே ஹேவ் வரலாம். திஸ் மார்னிங் கொஞ்சம் வேடிக்கையானது. காலை பதினொரு மணிக்கு "ஐ ஹேவ் ஹேட் டூ காஃபிஸ் திஸ் மார்னிங்" சரி. சாயங்காலம் நாலு மணிக்கு அதையே சொல்வதானால் "ஐ ஹேட் டூ காஃபிஸ் திஸ் மார்னிங்". காலை முடிந்துவிட்டது, கதவு சாத்தியாயிற்று. ஹேவ் ஹேட் என்று இரண்டு முறை வருவதைப் பார்த்து மிரள வேண்டாம். முதலாவது துணைவினை, இரண்டாவது ஹேவ் என்ற வினையின் வி3.

ஆங்கிலச் செய்தித்தாள் வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். செய்தியின் முதல் வரி "த கவர்ன்மென்ட் ஹேஸ் அனௌன்ஸ்ட்" என்று தொடங்கும். இரண்டாவது வரியில் நாளும் இடமும் வந்தவுடன் டென்ஸ் மாறிவிடும். ஒரு வாரம் இந்த மாற்றத்தை மட்டும் பென்சிலால் கோடிட்டு வந்தாலே இலக்கணப் புத்தகத்தின் ஓர் அத்தியாயம் படித்த பலன் கிடைக்கும்.

"இருக்கிறது" ஏமாற்றும் இடங்கள்

தமிழ் "இருக்கிறேன்" ஆங்கில ஹேவுக்கு நெருக்கம்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் மாட்டிக்கொள்வோம். "உட்கார்ந்திருக்கிறார்" என்றால் "ஹீ இஸ் சிட்டிங்". "படுத்திருக்கிறார்" என்றால் "ஹீ இஸ் லையிங் டௌன்". "நீலச் சட்டை போட்டிருக்கிறார்" என்றால் "ஹீ இஸ் வேரிங் எ ப்ளூ ஷர்ட்", ஹேஸ் வோர்ன் இல்லை. "கடை திறந்திருக்கிறது" என்றால் "த ஷாப் இஸ் ஓப்பன்". உட்காரும் செயல், உடுத்தும் செயல் முடிந்து அந்த நிலை தொடர்கிறது என்பதைத் தமிழ் "இரு" காட்டுகிறது. ஆங்கிலம் அந்த நிலைக்கு இஸ் போடுகிறது. "வந்துகொண்டிருக்கிறார்" போன்றவற்றில் "கொண்டு" என்ற சொல் சேர்ந்துவிட்டதால் அது வேறு டென்ஸ்.

நனைந்த தெருவைப் பார்த்து "ராத்திரி மழை பெஞ்சிருக்கு" என்று ஊகித்துச் சொல்கிறோமே, அதுவும் நேரடியாக மாறாது. லாஸ்ட் நைட் என்ற சொல் வந்துவிட்டது. "இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்" என்பதே சரியான இணை.

அடுத்தது போயிருக்கிறார். "அவர் மதுரைக்குப் போயிருக்கிறார்" என்றால் ஆள் இங்கே இல்லை: "ஹீ ஹேஸ் கான் டு மதுரை." "நான் மதுரைக்கு மூணு தடவை போயிருக்கேன்" என்றால் போய்த் திரும்பிய அனுபவம்: "ஐ ஹேவ் பீன் டு மதுரை த்ரீ டைம்ஸ்." தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் கான் வேறு, பீன் வேறு. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர் "ஐ ஹேவ் கான் டு டெல்லி" என்று சொல்ல முடியாது. போயிருந்தால் இங்கே எப்படி உட்கார்ந்திருக்கிறார்?

"விட்டேன்" என்பதும் இதே கூட்டம். "முடிச்சுட்டேன்" பெரும்பாலும் "ஐ ஹேவ் ஃபினிஷ்ட்" ஆகும். ஆனால் உள்ளே இருந்துகொண்டு "இதோ வந்துட்டேன்!" என்று குரல் கொடுக்கிறோம், இன்னும் செருப்புகூடப் போடவில்லை. ஆங்கிலத்தில் அது "ஐ ஆம் கமிங்". தூரத்தில் பஸ்ஸின் முகப்பு தெரிந்தவுடன் "பஸ் வந்துடுச்சு" என்பதும் "த பஸ் இஸ் கமிங்" தான்.

மறுப்பில் இன்னொரு பள்ளம். தமிழ் "வரவில்லை" காலம் காட்டாது. "நேற்று வரவில்லை", "இன்னும் வரவில்லை" இரண்டிலும் அதே சொல். ஆங்கிலத்தில் முன்னது "ஹீ டிட்ன்ட் கம் யெஸ்டர்டே", பின்னது "ஹீ ஹேஸ்ன்ட் கம் யெட்". தமிழ் வாக்கியத்தில் "இன்னும்" இருந்தால் பெரும்பாலும் ஹேஸ்ன்ட், ஹேவ்ன்ட், கடைசியில் யெட். "பார்த்ததே இல்லை" என்றால் "ஐ ஹேவ் நெவர் சீன் இட்". "பார்த்ததுண்டா?" என்றால் "ஹேவ் யூ எவர் சீன் இட்?" உண்டு, இல்லை என்ற இந்தப் பழைய வடிவங்கள் ஆங்கிலத்தின் எவர், நெவருக்கு அச்சாகப் பொருந்துகின்றன.

ஜஸ்ட், ஆல்ரெடி, எவர், நெவர் நான்கும் ஹேவுக்கும் வி3-க்கும் நடுவில் நிற்கும்: "ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்." யெட் மட்டும் வாக்கியத்தின் கடைசியில். எவர் என்பதைச் சாதாரண வாக்கியத்தில் போடாதீர்கள். கேள்வியில் வரும், "திஸ் இஸ் த பெஸ்ட் பிரியாணி ஐ ஹேவ் எவர் ஈட்டன்" போன்ற உச்சப் புகழ்ச்சியில் வரும். "இதுதான் முதல் தடவை இங்கே வர்றேன்" என்பதை நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலம் அங்கே ஹேவ் கேட்கும்: "திஸ் இஸ் த ஃபர்ஸ்ட் டைம் ஐ ஹேவ் கம் ஹியர்."

லீவ் லெட்டரும் சின்ஸும்

"ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்ற வரியை எழுதாமல் பள்ளி முடித்தவர் யார்? அந்த வரியில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. சிக்கல், நேற்றிலிருந்து என்று சேர்க்கும்போது வருகிறது. "ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் சின்ஸ் யெஸ்டர்டே" என்று எழுதியவுடன் வாக்கியம் உடைந்துவிடும். தொடக்கப் புள்ளி ஒன்றைச் சொல்லி, இன்றுவரை நீடிக்கிறது என்றால் ஆம், இஸ், ஆர் தாங்காது. "ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் சின்ஸ் யெஸ்டர்டே" என்றோ, "ஐ ஹேவ் பீன் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் சின்ஸ் யெஸ்டர்டே" என்றோ எழுத வேண்டும். "பத்து வருஷமா அவரைத் தெரியும்" என்பதில் நமக்கு நிகழ்காலமே போதும். ஆங்கிலத்துக்குப் போதாது: "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்."

சின்ஸ் எங்கே, ஃபார் எங்கே? தமிழில் "இலிருந்து", "முதல்" என்று தொடக்கத்தைச் சொன்னால் சின்ஸ்: சின்ஸ் மண்டே, சின்ஸ் 2015, சின்ஸ் திஸ் மார்னிங். "ஆக" என்று கால அளவைச் சொன்னால் ஃபார்: ஃபார் டூ டேஸ், ஃபார் எ லாங் டைம். பேச்சில் "ரெண்டு நாளிலிருந்து" என்றும் சொல்வதால் சின்ஸ் டூ டேஸ் என்று எழுதிவிடுகிறோம். இரண்டு நாள் என்பது ஓர் அளவு, நாள்காட்டியில் அதைத் தொட்டுக் காட்ட முடியாது. தொட்டுக் காட்ட முடிந்தால்தான் சின்ஸ். அதன் பின்னால் முழு வாக்கியம் வந்தால் அந்தப் பகுதி இறந்தகாலத்தில் இருக்கும்: "ஐ ஹேவ் நோன் ஹர் சின்ஸ் வீ வேர் இன் ஸ்கூல்."

நம் பாடநூல்கள் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுபவை. அமெரிக்கர்கள் "டிட் யூ ஈட் யெட்?", "ஐ ஆல்ரெடி ஏட்" என்று பேசுவதைப் படங்களில் கேட்டுக் குழம்ப வேண்டாம். அது அங்கே இயல்பான பேச்சு. தேர்வுத் தாளில் ஹேவ் போடுவதுதான் பாதுகாப்பு.

கொஞ்சம் பயிற்சி. தமிழைப் படித்துவிட்டு, விடையைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

"இந்தப் படத்தை ஏற்கெனவே பாத்துட்டேன்." ஐ ஹேவ் ஆல்ரெடி சீன் திஸ் மூவி.

"போன வாரம்தான் பாத்தேன்." ஐ சா இட் லாஸ்ட் வீக்.

"அக்கா மூணு நாளா ஃபோன் எடுக்கலை." மை சிஸ்டர் ஹேஸ்ன்ட் ஆன்சர்ட் த ஃபோன் ஃபார் த்ரீ டேஸ்.

"அம்மா கடைக்குப் போயிருக்காங்க." மை மதர் ஹேஸ் கான் டு த ஷாப்.

"பாப்பா தூங்கிட்டா." இதற்கு "த பேபி ஹேஸ் ஸ்லெப்ட்" என்று பலரும் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் தூங்கி முடித்தாயிற்று என்ற தொனி வந்துவிடும். நாம் சொல்ல வந்தது இப்போதுதான் கண் அயர்ந்தாள், சத்தம் போடாதீர்கள் என்று. "த பேபி ஹேஸ் ஃபாலன் அஸ்லீப்."